உத்தரம் இரண்டடி

“ரைட்டரம்மா, மணி இன்னா?”

சங்க ஆபீஸ் ஜன்னலுக்கு வெளியே நின்று ஒருவர் கேட்டார். நான் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்துவிட்டு, “பன்னெண்டு” என்றேன்.

“ஆயிடுச்சா, ஆவப் போவுதா?”

“ஆகி அஞ்சு நிமிஷம் ஆச்சு.”

“அப்ப எழுந்து வாம்மா. ஒரு சாட்சி வேணும்.”

அது 1955ஆம் வருஷத்து ஆனி மாதம். நகரியில் ஒரு சிறிய நெசவாளர் சங்கத்தில் நான் எழுத்தராகச் சேர்ந்து இரண்டு மாதம் ஆகியிருந்தது. ஜன்னலில் நின்றவர் முனிரத்தினம் மேஸ்திரி. சித்தூரில் ஒரு இரும்புப் பட்டறையில் வேலை பார்ப்பவர். சங்கம் கட்டப்போகும் தறிக் கொட்டகைக்கு மனை அளக்க அன்று காலைதான் வந்திருந்தார். முகம் தெரியாதவர்களிடம் எனக்குச் சட்டென்று பேச வராது. ஆனாலும் சாட்சி என்று சொன்னதால் எழுந்து போனேன்.

ஆபீசுக்குப் பின்னால் இருந்த காலி மனையின் நடுவில் ஆளுயரத்துக்கு ஒரு இரும்புக் கம்பம் நட்டிருந்தார். அது நேராக நிற்கிறதா என்று தூக்குக்குண்டு பிடித்துப் பார்த்தார். பிறகு அந்தக் கயிற்றைச் சுருட்டிக்கொண்டே கேட்டார்.

“நெழலு எந்தப் பக்கம் உழுது?”

“தெற்கே.”

“நல்லாப் பாரு.”

“தெற்கேதான் மேஸ்திரி. ஒரு சாண் இருக்கும்.”

“அப்ப சூரியன் எங்க கீறான்?”

“வடக்கே.”

கக்கத்தில் இருந்த வரைபடத்தை எடுத்துத் தரையில் விரித்து, நான்கு மூலையிலும் கல் வைத்தார். “இதுல எங்க கீறான், பாரு.”

திருப்பதியில் இருந்த கவர்மெண்டு ஓவர்சியர் ஸௌரிராஜன் போட்டு அனுப்பிய படம் அது. ஓரத்தில் ஒரு வட்டமும் அதைச் சுற்றிக் கதிர்களும் வரைந்திருந்தார். வட்டம் தெற்குப் பக்கம் இருந்தது.

“தெற்கே.”

“ஆங். இது வேற ஊரு சூரியன். நம்மூருது சித்திரை நடுவுலேர்ந்து ஆவணி பொறக்கற வரைக்கும் உச்சியில வடக்கால சாஞ்சிதான் நிக்கிது. வடக்கால கண்ணாடி வெச்சா வெயிலே வராதுன்னு படம் சொல்லுது. வரும். கொளுத்தற மாசமாப் பாத்து வரும்.”

அந்நேரம் பாவு நூல் கட்டைத் தலையில் வைத்துக்கொண்டு பொன்னியம்மாள் அந்த வழியாக வந்தாள். சொந்த வீட்டில் தறி போட இடமில்லாத இருபது நெசவாளர்களில் அவளும் ஒருத்தி. சங்கத்துக் கொட்டகை அவர்களுக்காகத்தான்.

“இன்னா மேஸ்திரி, துணி அளக்கற ஊருக்கு வந்து நெழல அளந்துக்கினு கீறே?” என்றாள்.

“உன் தறி மேல வெயிலு உழக் கூடாதுன்னுதான்.”

“தறிக்கு இன்னும் கொட்டாயே காணோம். அதுக்குள்ள வெயிலு வந்துடுச்சா?”

“வெயிலு முந்திதான் வரும்.”

“சந்திரம்மா, நீ உள்ள போயிடு” என்று அவள் என்னைப் பார்த்துச் சொன்னாள். “இன்னும் செத்த நேரம் நின்னா உன்னையும் முளையடிச்சி அளந்துடுவாரு.”

பேச்சு அவ்வளவுதான். நான் உள்ளே வந்துவிட்டேன். மேஸ்திரி வெயிலிலேயே உட்கார்ந்து, படத்தின் மேல் பென்சிலால் கோடு போட்டுக்கொண்டிருந்தது ஜன்னல் வழியாகத் தெரிந்தது.

மதராஸ் பக்கத்து ஆலைகளின் கூரை ரம்பத்தின் பல்லைப் போல மேலும் கீழுமாக இருக்கும். ஒவ்வொரு பல்லிலும் ஒரு பக்கம் சரிவான தகரம், மறுபக்கம் வடக்கு பார்த்த கண்ணாடி. வெயில் உள்ளே வராமல் வெளிச்சம் மட்டும் வரவேண்டும் என்பது ஏற்பாடு. எங்கள் கொட்டகைக்கு இருபத்துநான்கு அடி அகலம்தான். அதனால் ஒரே ஒரு பல். தெற்கே தாழ்ந்து வடக்கே உயர்ந்த ஒற்றைச் சரிவுக் கூரை, உயர்ந்த பக்கத்தில் நாலடிக் கண்ணாடி. படத்தைப் பார்த்த நாளிலேயே பொன்னியம்மாள் அதற்கு ‘ஒத்தப் பல்லு கொட்டாய்’ என்று பெயர் வைத்துவிட்டாள். இன்றும் நகரியில் வழி கேட்டால் அந்தப் பெயரைச் சொல்லித்தான் கேட்கவேண்டும்.

தறியில் இழுத்துக் கட்டிய பாவின் மேல் வெயில் நேராக விழுந்தால் என்ன ஆகும் என்பதை நெசவு ஊர்க்காரர்களுக்குச் சொல்லவேண்டியதில்லை. கஞ்சி காய்ந்து நூல் விறைத்துக்கொள்ளும், மிதிக்க மிதிக்க அறும். அறுந்த இழையை ஒட்டிக்கொண்டிருப்பதிலேயே பாதி நாள் போய்விடும்.

முனிரத்தினம் மேஸ்திரி திருத்தணிக்குப் பக்கத்துக் கிராமத்தில் வேர்க்கடலை போடும் குடும்பத்தில் பிறந்தவர். தமிழில் நாலாம் வகுப்பு வரை படித்தவர். பதினாறு வயதில் அரக்கோணம் ரயில்வே பட்டறையில் சேர்ந்து, பாலத்துக்கு ஆணி அடிக்கும் கூட்டத்தில் சுத்தியல் பிடித்தார். பழுக்கக் காய்ச்சிய ஆணியை இரும்புத் துளையில் செருகி, ஆறுவதற்குள் அடித்து மொட்டாக்கும் வேலை. பத்து வருஷம் அந்தச் சத்தத்திலேயே இருந்ததில் இடது காது போய்விட்டது. அவரோடு பேசுகிறவர்கள் எல்லாரும் தெரிந்தோ தெரியாமலோ வலது பக்கமாகவே நடப்பார்கள். அரக்கோணத்தில்தான் நீல வரைபடங்களைப் பார்த்துப் பார்த்துப் படம் படிக்கவும் பிறகு போடவும் கற்றுக்கொண்டார். யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை. மேசை மேல் விரித்து வைத்திருப்பார்களாம், எதிர்ப்பக்கத்தில் நின்று தலைகீழாகப் படிப்பாராம். அதனால் இப்போதும் படத்தைத் தலைகீழாக வைத்துத்தான் வேகமாகப் பார்ப்பார்.

எந்த ஊருக்குப் போனாலும் கட்டடங்களின் மேல் பாதியைப் பார்த்தபடிதான் நடப்பார். திருப்பதிக்குப் போனவர் கோவிந்தராஜர் சந்நிதிக்குள் நுழைய ஒரு மணி நேரம் ஆயிற்றாம். வெளி மண்டபத்தின் கொடுங்கையைப் பார்த்துக்கொண்டு நின்றுவிட்டார். தூணைத் தாண்டி வெளியே நீண்டு, பாம்புப் படம் போலக் கீழே வளைந்து நிற்குமே கல், அதுதான் கொடுங்கை. “மழை பேஞ்சாலும் வெயில் அடிச்சாலும் உள்ள நிக்கிறவன் மேல உழாது. கல்லுல செஞ்சிக்கீறாங்க. தகட்டுல செய்ய முடியாதா?” என்று என்னிடம் கேட்டிருக்கிறார். பதில் வேண்டி அவர் அப்படிக் கேட்பதில்லை.

எங்கள் கொட்டகைக்கு அவர் கேட்ட மாற்றம் அந்த மண்டபத்தில் பார்த்ததுதான். படத்தில் கண்ணாடி சாய்ந்திருந்தது. அவர் அதை நேராக நிறுத்தச் சொன்னார். அதோடு கூரையைத் தாங்கும் இரும்பு உத்தரங்களை வடக்குச் சுவருக்கு வெளியே இரண்டடி நீட்டினால், அந்த நீட்டலின் நிழல் நாலடிக் கண்ணாடியையும் மூடிவிடும். தகரத்துக்கு அடியில் ஒரு கை இடைவெளி விட்டு மூங்கில் தட்டி கட்டவேண்டும் என்றும் எழுதியிருந்தார். சூடு அந்தச் சந்தில் ஏறி உச்சி வழியாக வெளியே போய்விடும்.

சித்தூர்ப் பட்டறை முதலாளி ஒத்துக்கொண்டார், ஆனால் சும்மா ஒத்துக்கொள்ளவில்லை. “இன்ஜினியர் போட்ட படத்தை நீ திருத்தறே. சரியா வந்தா இனிமே நம்ம பட்டறையில படம் போடற மேஜை உனக்கு. உள்ள வெயில் அடிச்சா திரும்பவும் சுத்தியலுக்கே போயிடு” என்று சொல்லியிருந்தார். மேஸ்திரி இதை என்னிடம் சிரித்துக்கொண்டுதான் சொன்னார். சொல்லிவிட்டு வலது காதை ஒரு தடவை தேய்த்துவிட்டுக்கொண்டார். மிச்சமிருந்த அந்தக் காதோடு மறுபடி சுத்தியலுக்குப் போனால் என்ன ஆகும் என்று எனக்குத் தெரிந்தது.

இனி என் பிழையைச் சொல்லவேண்டும்.

ஆந்திர ராஜ்யம் பிரிந்து இரண்டு வருஷம்கூட ஆகவில்லை. முன்பு தமிழில் போய்க்கொண்டிருந்த எங்கள் சங்கத்துத் தீர்மானங்கள் தெலுங்கில் போக ஆரம்பித்திருந்தன. நகரி எந்தப் பக்கம் போகும், திருத்தணி எந்தப் பக்கம் போகும் என்று டீக்கடையில் தினமும் சண்டை நடக்கும். அந்தச் சண்டையும் பாதி தமிழில் பாதி தெலுங்கில்தான். நான் எட்டாவது வரை தமிழிலும் அதற்கு மேல் புத்தூரில் தெலுங்கிலும் படித்தவள். அந்த ஒரே காரணத்துக்காகத்தான் எனக்கு அந்த வேலை கிடைத்தது. மேஸ்திரி பென்சிலால் எழுதிக் கொடுத்த குறிப்பைத் தெலுங்கில் எழுதித் திருப்பதிக்கு ஓவர்சியரின் ஒப்புதலுக்கு அனுப்பவேண்டும்.

குறிப்பு இப்படி இருந்தது: ‘கண்ணாடி நேரா நிக்கணும். உத்தரம் ரெண்டு அடி நீட்டணும்.’

நான் அதைத் தெலுங்கில் மாற்றி எழுதினேன், இரண்டாவது வரியின் முதல் சொல்லை மட்டும் அப்படியே வைத்தேன். உத்தரம் என்ற சொல் தெலுங்கிலும் இருக்கிறது, நாங்கள் பள்ளியில் திசை சொல்லும்போது தினமும் சொன்ன சொல். தெலுங்கில் உத்தரம் என்றால் வடக்கு. அவர் எப்போது பார்த்தாலும் வடக்கைப் பற்றியே பேசிக்கொண்டிருந்ததால் எனக்குச் சந்தேகமே வரவில்லை. வடக்கே இரண்டடி நீட்டவேண்டும் என்றுதான் நானும் நினைத்துக்கொண்டேன்.

இரும்புக்குப் பர்மிட் கிடைக்க ஏறக்குறைய ஒரு வருஷம் ஆயிற்று. 1956 வைகாசியில் வேலை தொடங்கியது. அப்போது மேஸ்திரி மதனப்பள்ளியில் வேறொரு வேலையில் இருந்தார். கொத்தனார்கள் ஓவர்சியர் ஒப்புக்கொண்ட தெலுங்குக் கடிதத்தைப் பார்த்து வடக்கு வரிசைக் குழிகளை இரண்டடி தள்ளித் தோண்டினார்கள். பட்டறை ஆட்கள் வந்து கம்பங்களை நிறுத்திச் சிமெண்டு போட்டுவிட்டுப் போனார்கள். சித்தூரிலோ மேஸ்திரியின் தமிழ்க் குறிப்பைப் பார்த்து, இருபத்துநான்கு அடிக்குப் பதிலாக இருபத்தாறு அடி நீளத்தில் உத்தரங்களைத் தயார் செய்திருந்தார்கள்.

ஆனி பிறந்ததும் லாரியோடு மேஸ்திரி வந்தார். முதல் உத்தரத்தைக் கயிறு கட்டித் தூக்கி வைத்தார்கள். தெற்குக் கம்பத்திலிருந்து வடக்குக் கம்பம் வரை அது ஒரு நூல் மிச்சமில்லாமல் உட்கார்ந்தது.

“பாகுந்தி! கச்சிதமா உக்காந்துக்கீது மேஸ்திரி!” என்று சங்கத் தலைவர் ஆதிநாராயணன் கைதட்டினார். சுற்றி நின்றவர்களும் தட்டினார்கள். தவறு அவ்வளவு சரியாகப் பொருந்தியிருந்ததால் யாருக்கும் அது தவறாகத் தெரியவில்லை. மேஸ்திரி மட்டும் வடக்குக் கம்பத்தடியில் போய் நின்று அண்ணாந்து பார்த்தார். அங்கே வெளியே நீண்டிருக்கவேண்டிய இரண்டடி இல்லை.

நேராக என்னிடம் வந்தார். “ரைட்டரம்மா, திருப்பதிக்கு எழுதனியே, அதுக்கு நகல் கீதா?”

எடுத்தேன்.

“தமிழ்ல மாத்திப் படி.”

படித்தேன். இரண்டாவது வரியில் அந்தச் சொல் வந்ததும் வாய் நின்றுவிட்டது.

“ஏன் நிறுத்திட்டே?”

“வடக்கே ரெண்டடி நீட்டணும்னு எழுதியிருக்கேன் மேஸ்திரி.”

“நான் இன்னா எழுதிக் குடுத்தேன்?”

“உத்தரம்.”

“உத்தரம்னா?”

“தெலுங்குல வடக்கு.”

“தமிழ்ல?”

நான் தலைக்கு மேலே ஆபீஸ் கூரையின் மர உத்தரத்தைக் கையால் காட்டினேன். அவரும் அதை அண்ணாந்து பார்த்தார். பிறகு பெஞ்சில் உட்கார்ந்தார். சிரிக்கிறாரா இல்லையா என்று தெரியாதபடி அவர் தோள் குலுங்கியது.

ரசீது வாங்க வந்து நின்ற பொன்னியம்மாள் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தாள். “தெலுங்குல கடுதாசிக்கும் உத்தரம்னுதான் பேரு. நல்ல வேளை, கடுதாசிய ரெண்டடி நீட்டாம வுட்டாங்களே!” என்றாள்.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. “தப்பு என்னோடது மேஸ்திரி. உங்க முதலாளிக்கு நானே எழுதறேன்” என்றேன்.

“எழுதினா கம்பம் நகருமா?”

“நகராது.”

“அப்ப மையை வீணாக்காதே.” எழுந்து வெளியே போனார்.

சிமெண்டு இறுகிவிட்டது, கம்பத்தைப் பிடுங்க முடியாது. உத்தரத்தை இன்னும் நீட்டலாம் என்றால் ஒரு அடி இரும்புகூட மிச்சமில்லை. இன்னொரு பர்மிட்டுக்கு இன்னொரு வருஷம். மற்ற உத்தரங்களை ஏற்றவேண்டாம் என்று சொல்லவும் காரணம் இல்லை. எல்லாம் ஏறின, தகரமும் போட்டாயிற்று. சுவர் மட்டும்தான் பாக்கி. மேஸ்திரி தினமும் காலையில் கொட்டகைக்குள் நின்று வெயில் எதுவரை வருகிறது என்று தரையில் சுண்ணாம்பால் கோடு போட்டுக்கொண்டிருந்தார்.

நாலாம் நாள் தலைவரிடம் வந்தார். “சுவரை கம்பத்தோட சேத்துக் கட்ட வேணாங்க. பழைய எடத்துலயே கட்டலாம். ரெண்டடி உள்ள.”

ஆதிநாராயணனுக்குப் புரியவில்லை. “அப்ப கம்பம்?”

“வெளிய நிக்கட்டும்.”

“கம்பம் வெளிய, சுவரு உள்ளயா?”

“மண்டபத்துல தூணு எங்க நிக்கிது? கூரை ரெண்டடி நீட்டணும்னு கேட்டேன். இப்ப கூரை நீட்டிக்கினுதான் கீது. நாமதான் சுவரைக் கொண்டுபோய் அது ஓரத்துல வெக்கறோம். உள்ள வெச்சா நான் கேட்ட நெழலு தானா வந்துடும். புதுசா ஒரு ஆணிகூட வேணாம்.”

“வத்து மேஸ்திரி, வத்து!” என்று தலைவர் வேண்டாமென்று இரண்டு கையையும் ஆட்டினார். “கவர்மெண்டே இருபத்தாறு அடின்னு எழுதிக் குடுத்துட்டான். கையில வந்த ரெண்டடிய யாரு வெளிய வுடுவான்? அதுல ஆடுதான் படுக்கும்.”

“படுக்கட்டுங்க. ஆட்டுக்கும் வெயிலு சுடும்.”

“தமாஷ் வேணா. ரெண்டு தறிக்கு நடுவுல தாராளமா நடக்கலாம்னு நெசவுக்காரங்க சந்தோஷமா கீறாங்க. அவங்க வேணாம்னா வேணாம். போதுமா?”

“போதும். அவங்களையே கேக்கலாம்.”

மறுநாள் காலை எட்டு மணிக்கு நெசவாளர்கள் எல்லாரும் வந்தார்கள். மேஸ்திரி சங்கத்துக் கிடங்கிலிருந்து கோணிப்பைகளை எடுத்து, வடக்குக் கம்பங்களுக்கு நடுவே தரையிலிருந்து பதினோரு அடி உயரம் வரை வரிசையாகக் கட்டியிருந்தார். அதுதான் சுவர். அதற்கு மேல் கூரை வரை இருந்த நாலடி இடைவெளிதான் கண்ணாடி. வடக்கு வரிசையில் ஒவ்வொரு தறியும் வரப்போகும் இடத்தில் ஒரு கல் வைத்திருந்தார்.

“அவங்கவங்க கல்லாண்ட போய் உக்காருங்க” என்றார்.

பொன்னியம்மாள் தன் கல்லின் அருகில் தறியில் உட்காருவது போலவே காலை நீட்டி உட்கார்ந்தாள். கஞ்சி போட்ட பாவு ஒன்றை அவள் எதிரில் இரண்டு கழிகளுக்கு நடுவே இழுத்துக் கட்டினார்கள். சிறிது நேரம் வேடிக்கையாக இருந்தது. தறி இல்லாத கொட்டகையில் இல்லாத நாடாவை ஓட்டிக்காட்டி ஒருவர் மற்றவரைக் கேலி செய்தார்கள். ஒன்பது மணி சுமாருக்கு வடகிழக்கிலிருந்து வெயில் அந்த நாலடி வழியாக உள்ளே இறங்கியது. முதலில் தரையில், பிறகு பாவின் மேல், பிறகு பொன்னியம்மாள் கழுத்தின் மேல். அவள் அசையாமல் இருந்தாள். கால்மணி நேரம் கழித்துப் பாவின் நூலை விரலால் சுண்டிப் பார்த்தாள். இரண்டு இழை அறுந்தன.

“தலைவரே, இங்க வா” என்றாள்.

ஆதிநாராயணன் போனார்.

“உக்காரு.”

“நான் எதுக்கு?”

“நீதான் ரெண்டடி கேட்டியாம். நெய்யறவ நானு. செத்த உக்காரு, பாக்கலாம்.”

அவர் உட்கார்ந்தார். கண்ணுக்கு நேரே வெயில் அடிக்க, கையை நெற்றிக்கு வைத்துக்கொண்டார். எல்லாரும் சிரித்தார்கள். அவரும் கொஞ்சம் சிரித்தார்.

மேஸ்திரி கோணிகளை அவிழ்த்து, இரண்டடி உள்ளே நட்டிருந்த கழிகளில் அதே உயரத்துக்குக் கட்டச் சொன்னார். ஆறு பேர் சேர்ந்து கட்டி முடிக்க அரை மணி நேரம் ஆகியிருக்கும். நான் ஆபீஸ் வாசலிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தேன். ஒவ்வொரு கோணியும் இடம் மாற மாற, அதற்கு நேராக உள்ளே கிடந்த வெயில் துண்டு மறைந்தது. கடைசிக் கோணி ஏறியபோது வடக்கு வரிசை முழுவதும் நிழல். இருட்டு இல்லை. ஊசியில் நூல் கோக்கலாம் போல, கண் கூசாத வெளிச்சம்.

“மேஸ்திரி, இது சூரியன் போனதால வந்த நெழலு, சுவரால இல்ல” என்று ஆதிநாராயணன் கடைசியாக ஒரு வார்த்தை சொல்லிப் பார்த்தார்.

“நாளைக்கி இதே கோணிய இப்படியே வெச்சி, ஏழு மணியிலேர்ந்து உக்காரலாங்க.”

மறுநாளும் உட்கார்ந்தார்கள். ஏழரை மணிக்கு ஒரு ஓரத்தில் கொஞ்சம் வெயில் வந்தது. எட்டரைக்குள் அதுவும் போய்விட்டது. நெசவாளர்கள் ஒருவர்கூட இருபத்தாறு அடி கேட்கவில்லை.

ஒப்புதல் மாறவேண்டும் என்பதால் திருப்பதிக்கு மறுபடி நான்தான் எழுதினேன். இந்தத் தடவை உத்தரம் என்ற சொல்லைத் தொடவில்லை. ஓவர்சியர் ஸௌரிராஜன் கடிதத்துக்குப் பதில் போடாமல் நேரிலேயே வந்தார். திருப்பதிக் கோவில் கைங்கரியக் குடும்பத்துப் பிள்ளை, முப்பது வயது இருக்கும். தன் படத்தைத் திருத்தினதற்குச் சண்டை போடத்தான் வந்தார் என்று முகத்தைப் பார்த்தாலே தெரிந்தது. கொட்டகைக்குள் போனவர் நெடுநேரம் வெளியே வரவில்லை. வெளியே வந்து, தரையில் கிடந்த சுண்ணாம்புக் கோடுகளை ஒவ்வொன்றாகக் கேட்டுத் தெரிந்துகொண்டார்.

“புஸ்தகத்துல இருந்த படத்தை அப்படியே எடுத்துட்டேன், ஓய்” என்றார் மேஸ்திரியிடம். “புஸ்தகம் எழுதின வெள்ளைக்காரா ஊர்ல சூரியன் தெற்கை விட்டு நகர்றதே இல்லை. நம்ம ஊர்ல வடக்கேயும் வருவான்னு எனக்குத் தெரிஞ்சிருக்கணும். ஆனியில எங்காத்து வாசல்ல தெற்கே நிழல் விழறதைச் சின்ன வயசுலேர்ந்து பார்த்துண்டுதானே இருக்கேன்!”

“தெரியாம இல்ல சாமி. படம் போடறப்ப வாசலுக்கு வரல, அவ்ளோதான்.”

ஸௌரிராஜன் சிரித்துவிட்டார். அப்போது கூரையின் வடக்கு ஓரத்தைக் கவனித்தார். வெளியே நீண்டிருந்த தகரத்தின் விளிம்பில் மேஸ்திரி ஒரு தட்டைத் தகட்டைக் கீழ்நோக்கி வளைத்துப் பொருத்தியிருந்தார். கம்பங்கள் வரிசையாக நிற்க, அவற்றின் தலைக்கு மேல் அந்த வளைவு தொண்ணூறு அடி நீளத்துக்கு ஓடியது.

“ஓய் மேஸ்திரி, எங்க கோவில் கொடுங்கையைத் திருடிண்டு வந்துட்டீரே!”

“வுட்டுட்டுத்தான் வந்தேன் சாமி. அங்கயே கீது, போய்ப் பாருங்க.”

அன்றே ஒப்புதல் மாறியது. வடக்குச் சுவர் பழைய இடத்தில், நகரி மலைக் கருங்கல்லில் எழுந்தது. ஐப்பசி மழை வடகிழக்கிலிருந்து அடித்தபோது கண்ணாடியில் சாரல்கூடப் படவில்லை. வெளியே விட்ட இரண்டடியில் ஆடு படுக்கவில்லை. சாயம் போட்ட நூலை நிழலில் உலர்த்த அந்த இடம்தான் வசதி என்று பெண்கள் கண்டுபிடித்துவிட்டார்கள். அடுத்த சித்திரையில் ஊரே கொதித்தபோதும், தகரக் கூரைக்கு அடியில் உட்கார்ந்து இருபது பேர் நெய்தார்கள். வெளியூர்க்காரர்கள் தகரக் கொட்டகை என்றதும் முகம் சுளித்துக்கொண்டு உள்ளே வருவதையும், வந்தவர்கள் அண்ணாந்து பார்த்தபடி நிற்பதையும் நான் ஆபீஸ் ஜன்னலிலிருந்து எத்தனையோ தடவை பார்த்திருக்கிறேன்.

சித்தூர் பட்டறையில் மேஸ்திரிக்கு மேஜை கிடைத்தது. முதலாளி சொன்ன சொல் தவறவில்லை. அதற்குப் பிறகு அவர் புத்தூரில் ஒரு கொட்டகைக்கும், சித்தூர் அருகே மாங்காய்க் கிடங்கு ஒன்றுக்கும் படம் போட்டார். ஒன்றைப் போல ஒன்று இல்லை. கிடங்குக்கு வெளிச்சம் வேண்டாம், காற்றுதான் வேண்டும் என்று கண்ணாடியே வைக்காமல் கூரையை இரண்டாகப் பிளந்து, நடுவில் தொப்பி போல் இன்னொரு சிறிய கூரை வைத்தார். ஒவ்வொரு மனையிலும் முதல் நாள் ஒரு கம்பத்தை நட்டு, நண்பகல் வரை பக்கத்தில் உட்கார்ந்திருப்பார். ‘மேஸ்திரி நெழலு பாக்குறாரு’ என்று சொல்லிவிட்டு ஜனங்கள் அவரைத் தொந்தரவு செய்யாமல் போவார்கள். என் பிழையை அவர் முதலாளியிடம் கடைசி வரை சொல்லவில்லை. கம்பம் ஏன் வெளியே நிற்கிறது என்று கேட்பவர்களிடம் “எடம் அங்கதான் கெடச்சிது” என்பதோடு நிறுத்திக்கொள்வார்.

1960 ஏப்ரலில் எல்லை முடிவாயிற்று. திருத்தணியோடு சேர்ந்து அவருடைய கிராமம் மதராஸ் பக்கம் போனது. அதுவரை செங்கல்பட்டு ஜில்லாவில் இருந்த சத்தியவேடு எங்கள் பக்கம் வந்தது. அங்கே ஒரு சங்கம் தறிக் கொட்டகை கட்ட முடிவு செய்து, நகரியில் இருப்பது போலவே வேண்டும் என்று பட்டறைக்கு எழுதியது. அவர்களுடைய பழைய காகிதங்கள் தமிழில் இருந்தன, புதியவை தெலுங்கில் வந்துகொண்டிருந்தன.

மே மாதத்தில் ஒரு நாள் மேஸ்திரி ரயிலில் நகரிக்கு வந்தார். சுருட்டிய படம் ஒன்றும் இரண்டு கட்டுக் காகிதமும் கையில் இருந்தன. என் மேஜைக்கு எதிரே உட்கார்ந்து அவற்றை என் பக்கம் தள்ளினார். தெலுங்கில் மாற்றித் தரச் சொல்வார் என்று நினைத்தேன். வேறு யாரையாவது வைத்து எழுதிக்கொள்வது நல்லது என்றேன். அவர் வலது காதை என் பக்கம் திருப்பிக் கேட்டுவிட்டு, தலையாட்டினார்.

“எழுதறத யாராவது எழுதட்டும்” என்றார். “சத்தியவேட்டுல குழி தோண்டற அன்னிக்கி நீ ஒரு தபா வரணும். உங்க நைனாவையும் கூட்டிக்கினு வா, நானே வந்து அவராண்ட கேக்கறேன். கொத்தனாருங்க, பட்டறை ஆளுங்க எல்லாரையும் ஒரே எடத்துல நிக்க வெக்கறேன். தமிழ்க் காயிதத்தையும் தெலுங்குக் காயிதத்தையும் அவங்க எதிர்ல நீ வாய்விட்டுப் படிக்கணும். எந்த வார்த்தையில உனக்கு வாய் நிக்கிதோ அங்க நிறுத்திடு. நீ மறுபடி படிக்கற வரைக்கும் ஒருத்தனும் மம்முட்டிய எடுக்க மாட்டான், நானும் சேத்து. வருவியாம்மா?”